காலையில் ஒழுகுகிறதா, ஓடும்போது ஒழுகுகிறதா?

வாசகி கேள்வி: திருச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் 2007-ஆம் வருட ஹூண்டாய் ஆக்சென்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன், விற்க மனம் வரவில்லை. ஒரு வருடமாகப் பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. முன்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஊற்றினால் போதும். இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை அரை டம்ளர் கேட்கிறது. காலையில் போர்டிகோ தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் எடுத்தால் 'உய்ங்' என்று ஒரு சத்தம் வருகிறது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ராக் முழுக்க ஆயில், ராக் போச்சு, மாத்த 28,000 ஆகும்" என்கிறார். இன்னொருவர், பாட்டிலில் ஒரு மருந்து விற்கிறது, ஊற்றினால் நின்றுவிடும் என்கிறார். எதிர்வீட்டு மாமா, கொஞ்சம் பிரேக் ஆயில் கலந்தால் சீல் ஊதி அடைத்துக்கொள்ளும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? ஆடிப் பதினெட்டு சமயத்தில் அம்மாவைக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். வண்டியை நம்பலாமா?

பதில்:

வணக்கம்மா. முதலில் மாமாவின் வைத்தியத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அவசரமானது அதுதான். பிரேக் ஆயிலைத் தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிரேக் ஆயில் பட்டால் பவர் ஸ்டீயரிங் சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், ஊதும், சில வாரம் ஒழுகலும் நிற்கும். அந்தச் சில வாரத்தை வைத்துத்தான் இந்த வைத்தியம் ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் பவர் ஸ்டீயரிங்கில் இருக்கும் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய்க்காகச் செய்யப்பட்டது. பிரேக் ஆயில் கிளைகால் வகை, இரண்டும் வேறு ஜாதி. ஊதிய ரப்பர் அதோடு நிற்காது. கொழகொழவென்று ஆகிப் பிய்ந்து, பம்பு, வால்வு, ராக் என்று எல்லா இடத்திலும் ஒன்றாகக் கைவிடும். ஒருவேளை ஏற்கெனவே ஊற்றியிருந்தால் மறைக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். உள்ளே இருப்பது எல்லாவற்றையும் வடித்து அலசிவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்தது 28,000 ரூபாய். அந்த மெக்கானிக் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். ராக் முழுக்க ஆயில் இருந்திருக்கும், அவர் கண்ணால் பார்த்திருப்பார். ராக் என்பது நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான பல்தண்டு அமைப்பு. ஆனால் உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது தெரியுமா? இன்ஜினுக்குப் பின்னால், கிட்டத்தட்ட அடிமட்டத்தில், குறுக்காகப் படுத்திருக்கிறது. மேலே எங்கே ஒழுகினாலும் அதன் தலையில்தான் வடியும். ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டும் இடமும் ஓடு உடைந்த இடமும் ஒன்றாக இருப்பதில்லை அல்லவா, அதே கணக்கு. ராக் நனைந்திருப்பதைப் பார்த்து ராக்கை மாற்றினால், மாற்றிய ராக்கும் அடுத்த மாதம் நனையும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தையல்கடைக்காரரின் மாருதி எஸ்டீமுக்கு ராக் சீல் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. எட்டாம் நாள் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார், கீழே அதே சொட்டு. மேலிருந்து கீழே வரை துடைத்துவிட்டுப் பார்த்தால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரப்பர் பைப்பில், கிளிப் கடித்த இடத்தில் நூல் அளவுக்கு ஒரு வெடிப்பு. பைப்பை இரண்டு அங்குலம் வெட்டி மறுபடி சொருகியதும் நின்றுவிட்டது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவை முதல்ல தொடச்சுப் பாரு தம்பி" என்றார். இன்றும் பட்டறையில் பையன்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரி எனக்கு ராக்கின் மேல் சந்தேகத்தைக் குறைக்கிறது. கறை காலையில் தெரிகிறது என்பது ஒன்று. குளிர்ந்த இன்ஜினில் மட்டும் 'உய்ங்' சத்தம் வந்து பிறகு அடங்குகிறது என்பது இன்னொன்று. ஏன் என்று சொல்ல, ஆயில் ஓடும் வழியைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பானட்டைத் திறந்தால் மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா தெரியும். அதிலிருந்து ஒரு ரப்பர் பைப் பம்புக்குப் போகிறது. பம்பு இன்ஜினில் பெல்ட் ஓடும் பக்கம் இருக்கிறது. பம்பிலிருந்து கெட்டியான, இரண்டு முனையிலும் உலோக வளையம் நசுக்கிப் பூட்டிய பிரஷர் பைப் ஒன்று ராக்கின் வால்வுக்கு இறங்குகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப வால்வு ஆயிலை இடது அறைக்கோ வலது அறைக்கோ தள்ளிவிடும். வேலை முடிந்த ஆயில் இன்னொரு ரப்பர் பைப் வழியாக டப்பாவுக்குத் திரும்பி வந்துவிடும். மொத்த ஆயிலும் ஒரு லிட்டருக்குள்தான். அதனால்தான் அரை டம்ளர் குறைந்தாலே சத்தம் கேட்கிறது.

இதில் ஒவ்வொரு பகுதியும் ஒழுகும் நேரம் வேறு வேறு. பம்புக்கு ஆயில் இறங்கும் பைப்பில் பிரஷரே கிடையாது. இன்ஜின் ஓடும்போது பம்பு உறிஞ்சுவதால் அங்கே வெளிக்காற்றைவிட அழுத்தம் கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கும். ஆகவே அங்கே கிளிப் தளர்ந்திருந்தால் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டியை நிறுத்திய பிறகு டப்பாவில் நிற்கும் ஆயில் மெதுவாகக் கசிந்து இரவெல்லாம் சொட்டும். உள்ளே போன காற்று ஆயிலில் நுரையாகி, பம்பு அதைக் கடிக்கும்போது 'உய்ங்' என்று கத்தும். இன்ஜின் சூடு ஏறியதும் இறுகிப்போன ரப்பர் கொஞ்சம் இளகிப் பிடித்துக்கொள்ளும், சத்தம் அடங்கும். உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இந்தப் பைப்தான்.

பிரஷர் பைப் இதற்கு நேர் எதிர். நிறுத்திய வண்டியில் அது பெரும்பாலும் சும்மா இருக்கும். இன்ஜின் ஓடி, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பிடித்தால்தான் அதன் குணம் தெரியும். டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பிஎஸ்ஐ சுற்றி. ஃபுல் லாக்கில் இந்தப் பைப்புக்குள் இருப்பது ஏறக்குறைய 1,000 பிஎஸ்ஐ. நசுக்கிப் பூட்டிய இடத்தில் ஒரு மயிரிழை வழி கிடைத்தாலும் பனிபோல் பீய்ச்சும். பீய்ச்சியது சைலன்சர் மேனிஃபோல்டில் பட்டால் புகையும். அது வெறும் நாற்றத்தோடு போகாது, தீப்பிடிக்கக்கூடிய எண்ணெய். ஓட்டி நிறுத்தியதும் பானட் இடுக்கில் கருகிய எண்ணெய் வாசம் வந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை, நிம்மதி.

ஆனாலும் கடிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான், பாதியை வீட்டிலேயே செய்யலாம்.

சமதளத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போது டப்பாவின் மூடியைத் துடைத்துத் திறந்து, குளிர்நிலைக் கோடு வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றினால் சூட்டில் விரிந்து மூடி வழியாக வழியும். ஒழுகல் என்று என்னிடம் வரும் வண்டிகளில் சிலவற்றுக்கு இதுதான் வியாதி. வாட்டர் சர்வீஸ் விட்ட இடத்தில் யாரோ அன்பு மிகுதியில் கழுத்துவரை ஊற்றியிருப்பார்கள். மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் நசுங்கியிருக்கிறதா, டப்பாவின் அடித்தையலில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் சரியான அளவில் இருக்கும்போது மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேளுங்கள். இது முக்கியம். ஆயில் குறைந்தாலும் அதே சத்தம் வரும், காற்று புகுந்தாலும் அதே சத்தம் வரும். அளவு சரியாக இருந்தும் கத்தினால், உடனே டார்ச் அடித்து டப்பாவுக்குள் பாருங்கள். ஆயில் மேல் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை மிதந்தால் காற்று புகுகிறது. அளவு சரியானதும் சத்தமே இல்லை என்றால் நான் மேலே சொன்ன சந்தேகம் பாதி விழுந்துவிடும், பம்புக்குக் கீழே தேட வேண்டும். 'உய்ங்' என்று இல்லாமல் 'கீச்' என்று சாணை பிடிக்கிற மாதிரிக் கேட்டால் அது பெல்ட். பெல்ட்டில் ஆயில் பட்டிருக்கும், அல்லது தளர்ந்திருக்கும்.

பிறகு தரைக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரியுங்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது. டயர் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு இரவு விட்டுவிடுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடம், டயரிலிருந்து எவ்வளவு உள்ளே, பெல்ட் பக்கமா, நடுவிலா, ஓட்டுநர் காலடிக்குக் கீழா என்று தெரியும். தொட்டும் பாருங்கள். ஏசி தண்ணீர் என்றால் வாசமே இருக்காது. கூலன்ட் இனிப்பு வாடையோடு வழவழவென்று இருக்கும், தண்ணீரில் கரையும். இன்ஜின் ஆயில் இத்தனை வயதான வண்டியில் கருப்பாகக் கெட்டியாக இருக்கும். ஸ்டீயரிங் ஆயில் மெல்லியது. டப்பாவில் ஒரு குச்சியை விட்டு எடுத்து, அந்தத் துளியையும் அட்டையில் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

வீட்டு வேலை இவ்வளவு. மீதி பட்டறையில்தான். காரின் அடியில் வெறும் ஜாக்கியை நம்பி நீங்கள் படுக்கக் கூடாது, யாரும் படுக்கக் கூடாது.

பட்டறையில் போய், "ராக் மாத்தணுமா?" என்று கேட்காதீர்கள். "முதல்ல கழுவித் தொடச்சுட்டுக் காட்டுங்க, அதுக்கு என்ன கூலியோ தந்துடறேன்" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது. டப்பாவிலிருந்து ராக் வரை எல்லாவற்றையும் டீசல் தொட்ட பனியன் வேஸ்டால் துடைத்து, கடைசியில் காய்ந்த துணியால் ஈரமில்லாமல் எடுக்க வேண்டும். மேனிஃபோல்டு ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். துடைத்த மூட்டுகள் மேல் சாதாரண முகப்பவுடரைத் தூவினால், முதலில் நனையும் இடம் பளிச்சென்று கருக்கும். பிறகு ஒருவர் உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, இன்னொருவர் டார்ச்சோடு பார்க்க வேண்டும். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தக் கூடாது, பம்பு வெந்துவிடும். பிரஷர் பைப்பை விரலால் தடவித் தேடவும் கூடாது. அந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளியாக இருக்கும், கையையே பறித்துவிடக்கூடிய காயம். ஒரு அட்டைத் துண்டைக் குறுக்கே காட்டினால் போதும், ஈரம் விழும்.

எப்போதும் மேலிருந்து கீழே வரவேண்டும். ஈரம் தெரியும் மிக உயரமான இடம் எதுவோ அதுதான் குற்றவாளி, அதற்குக் கீழே நனைந்தவை எல்லாம் சாட்சிகள்.

இனி ராக். அது உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ராக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அதன் பெரிய கிளிப்பைக் கழற்றி, பூட்டின் வாயைக் கொஞ்சம் கீழே இழுக்கச் சொல்லுங்கள். உள்ளே கிரீஸ் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் ராக் சீல் நன்றாக இருக்கிறது. கிண்ணத்திலிருந்து கவிழ்த்த மாதிரி ஆயில் ஊற்றினால் சீல் போய்விட்டது, அப்போது அந்த மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஒரு விஷயம், பல ராக்குகளில் இரண்டு பூட்டையும் காற்றுக்காக ஒரு மெல்லிய குழாய் இணைக்கும். ஒரு பக்கம் ஒழுகியது மறுபக்கமும் எட்டிப் பார்க்கும். இரண்டு பூட்டிலும் ஆயில் இருக்கிறது என்பதால் இரண்டு சீலும் போனது என்று பொருளில்லை. எப்படியும் பிரித்தால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றுவார்கள்.

ராக்கில் மூன்றாவதாக ஒரு இடம் உண்டு, ஸ்டீயரிங் தண்டு உள்ளே நுழையும் மேல்முனை. அந்த சீல் போனால் ஆயில் சில சமயம் தண்டு வழியாக ஓட்டுநர் காலடிப் பக்கம் வரும். மிதியடியைத் தூக்கி ஒருமுறை தடவிப் பாருங்கள்.

சரி, எது என்று தெரிந்த பிறகு என்ன செய்வது?

டப்பாவிலிருந்து வரும் அல்லது டப்பாவுக்குத் திரும்பும் ரப்பர் பைப் என்றால் வேலை சுலபம். கிளிப்பை மட்டும் முறுக்கி இறுக்கி அனுப்பினால் ஏற்காதீர்கள். கிட்டத்தட்ட இருபது வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் கல்லாகியிருக்கும், இறுக்க இறுக்க வெடிக்கும். இரண்டு பைப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆயிலைத் தாங்கும் பைப்பாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஓஸ் துண்டைச் சொருகும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது சில மாதத்தில் ஊறி நொதநொதத்துப் போகும். உறிஞ்சும் பைப் பம்பில் சேரும் இடத்தில் ஓ ரிங் இருந்தால் அதையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஐந்து ரூபாய்ப் பொருள், மறுபடி கழற்றும் கூலி அதைவிடப் பெரியது.

பிரஷர் பைப் என்றால் கம்பெனிப் பைப் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஆக்சென்ட் 2013 வரை வந்த வண்டி, நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஆயிரக்கணக்கில் செய்தது. உதிரிபாகம் சுத்தமாக இல்லாமல் போகாது. கிடைக்காவிட்டால் பழைய உலோக முனைகளை வைத்துக்கொண்டு நடு ரப்பரை மட்டும் மாற்றிக் கிரிம்பிங் அடித்து, அதாவது வளையத்தை நசுக்கிப் பூட்டித் தருவார்கள். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டிகளுக்காக இந்தக் கடைகள் நிறைய. ரிக் ஓஸ் பிரஷரைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் அது விறைப்பானது. பவர் ஸ்டீயரிங்குக்கென்று வரும் பைப் ஒவ்வொரு துடிப்புக்கும் இம்மியளவு விரிந்து சுருங்கி அதை விழுங்கிக்கொள்ளும். விறைப்பான ஓஸ் போட்டால் ஒழுகல் நிற்கும், கையில் ஒரு அதிர்வும் காதில் ஒரு ரீங்காரமும் மிஞ்சும். கடையில் "பவர் ஸ்டீயரிங்குக்கு" என்று சொல்லிக் கேளுங்கள். முனையில் போல்ட் துளை வழியாக ஆயில் போகும் வகையென்றால் இரண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். கழற்றினால் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். அந்த நசுக்கிய மூட்டின் மேல் ஓஸ் கிளிப்பைப் போட்டு இறுக்குவது, எம்-சீல் பூசுவது இதெல்லாம் கண்துடைப்பு.

பம்பு என்றால் புல்லிக்குப் பின்னால் இருக்கும் தண்டு சீல்தான் வழக்கமாகப் போவது. அங்கே ஒழுகினால் ஆயில் சுழலில் சிதறிப் பெல்ட்டிலும் பானட்டின் அடியிலும் கோடு கோடாகப் படிந்திருக்கும். சீல் மாற்றுவதற்கு முன் புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது, புது சீலையும் அது சீக்கிரம் தின்றுவிடும், பம்பை மாற்றுவதே மேல். தண்டில் சீல் உட்காரும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலும் அப்படியே. ஆயில் பட்ட பெல்ட்டைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

ராக்தான் என்று பூட்டைத் திறந்து நிச்சயமானால்கூட உடனே புது ராக் தேவையில்லை. சீல் கிட் போட்டுத் தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், புது ராக்கின் விலையோடு பார்த்தால் செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை. கழற்றி வெளியே எடுத்ததும் ராக் தண்டை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். சீல் ஓடும் பகுதி கண்ணாடிபோல் பளபளவென்று இருக்க வேண்டும். எப்போதோ பூட் கிழிந்து மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தால் துருக்குழி விழுந்திருக்கும். எமரித் தாளால் தேய்த்தால் துரு போகும், குழி போகாது. அந்தக் குழி புது சீலை ரம்பம்போல் அறுக்கும். குழி இருந்தால் ராக்கையே மாற்றுங்கள், அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். பூட் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைக் கழற்றாமல் ராக் வெளியே வராது. ராக் கழற்றியிருக்கும் நேரத்தில் உள்ளே உட்கார்ந்து யாரும் ஸ்டீயரிங்கைச் சுற்றக் கூடாது. ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் சுருள் வயர் அறுந்துபோகும்.

இந்த ஆயில் வெகுநாள் வடிந்த இடத்தில் இன்ஜின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் இதெல்லாம் ஊறிப் போயிருக்கலாம். அதையும் கையோடு ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வேலை செய்தாலும் கடைசியில் காற்று எடுக்க வேண்டும். அவசரப்படும் பட்டறைகளில் இதைத்தான் விட்டுவிடுவார்கள். முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டப்பாவை நிரப்பி, இன்ஜினை ஓடவிடாமலே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை திருப்ப வேண்டும். ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். ஐடிலில் மறுபடி சில முறை திருப்பி, நுரை தெரிந்தால் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். நேராக ஸ்டார்ட் செய்து உறுமவிட்டால் காற்று ஆயிலோடு கலந்து பால் மாதிரி ஆகிவிடும், பிறகு அது அடங்க ஒரு இரவு வேண்டும்.

ஆயில் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் ஆக்சென்ட்டுக்கு ஹூண்டாய் சொல்வது பிஎஸ்எஃப்-3. பின்னால் வந்த வண்டிகளுக்கு பிஎஸ்எஃப்-4 என்று ஒன்று வந்தது, கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் தலையாட்டாதீர்கள். டப்பா மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ எழுதியிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். இதுவரை யார் யார் எதை எதை ஊற்றினார்களோ தெரியாது, ஆகவே இந்தச் சாக்கில் பழையதை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவது நல்லது.

அந்த பாட்டில் மருந்து? அதை நான் திட்டமாட்டேன். இறுகிப்போன சீலைக் கொஞ்சம் இளக்கி ஊதவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ராக் சீல் லேசாகக் கசிகிற வண்டி, ஆறு மாதத்தில் விற்கப் போகிறார்கள் என்றால் சிலர் ஊற்றுகிறார்கள் (வாங்குபவர் பாவம் என்பது தனிக்கதை). வெடித்த பைப்பையும் தளர்ந்த கிளிப்பையும் குழி விழுந்த தண்டையும் எந்த மருந்தும் அடைக்காது. நீங்கள் விற்கப் போவதில்லை, அதனால் வேண்டாம்.

கொல்லிமலைக்கு வருகிறேன். காரவள்ளிப் பக்கமாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவு, எனக்கு அந்த ரோடு நன்றாகத் தெரியும். ஆடிப் பதினெட்டு சமயத்தில் வல்வில் ஓரி விழாக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், வளைவில் நின்று நின்று, வேகமே இல்லாமல் முழுக்கத் திருப்ப வேண்டியிருக்கும். பவர் ஸ்டீயரிங் பம்புக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. ஆயில் தீர்ந்தாலும் ஸ்டீயரிங் அறுந்துவிடாது, சக்கரம் திரும்பும், ஆனால் கல்லாகக் கனக்கும். சமவெளியில் அது வெறும் தோள்வலி. வளைவின் நடுவில், பின்னால் ஒரு பஸ் ஆரன் அடிக்கும்போது, திடீரென்று கனத்தால் பழகாத கை தடுமாறும். பம்பும் வறண்டு ஓடித் தேய்ந்து அதன் இரும்புப்பொடி ராக் வரைக்கும் போகும். இன்றைக்குச் சின்னதாக முடியும் வேலை அன்றைக்குத்தான் 28,000 ஆகும்.

ஆகவே இப்போதிருக்கும் நிலையில் மலை ஏற வேண்டாம். திருச்சிக்குள் ஓட்டலாம், வாரம் இருமுறை டப்பாவைப் பார்த்துக்கொண்டு, ஒரு சின்ன பாட்டில் பிஎஸ்எஃப்-3 டிக்கியில் வைத்துக்கொண்டு. வேலையை ஆடி பிறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முடித்ததும் குளிர்நிலைக் கோட்டில் ஒரு மார்க்கர் கீறல் போட்டு, சமயபுரம், தஞ்சாவூர் என்று சமவெளியிலேயே ஒரு 500 கி.மீ. ஓட்டுங்கள். அட்டையை மறுபடி விரித்துப் பாருங்கள். கீறலிலிருந்து ஆயில் இறங்காமல், அட்டையும் வெள்ளையாகவே இருந்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பலாம். இறங்கியிருந்தால் துடைத்த இடங்களை மறுபடி மேலிருந்து பாருங்கள். கோயிலுக்குப் பஸ் இருக்கிறது.